ஐந்தாம் மாடிக்குப் படியேறிப் போன வாசனை

"என் சென்ட்டு படியேறி அஞ்சாவது மாடிக்குப் போச்சு. என் தம்பி வீட்டுக் கதவு இடுக்குல நுழைஞ்சுது. சோபாவுல சாஞ்சு கிடந்தவனைச் சட்டைக் காலரைப் பிடிச்சுத் தூக்கி, மொட்டை மாடி வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு. அதனாலதான் நான் இன்னிக்கு உங்க முன்னாடி முழுசா நிக்கிறேன்."

அத்தர் அக்கா இதைச் சொல்லி முடித்ததும் கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து கிறீச்சிட்டன. குடியிருப்போர் கூட்டத்தில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் எழுந்ததே கிடையாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பேசும் கூட்டத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? தலைமை தாங்கிய இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா, ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தன் வாயை இறுக மூடிக்கொண்டே வாழ்பவள், அவளே கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள்.

"அக்கா, இதுக்குச் சாட்சி யாரு?"

"இதோ, முதல் வரிசையில உம்முனு உக்காந்திருக்கானே, அவன்தான்."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். தம்பி காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "நான் துண்டு காயப்போடத்தான் மாடிக்குப் போனேன்."

மறுபடி சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். ஆனால் பின்னால் இருந்த லிஃப்ட் 'டிங்' என்று திறந்தபோது அவள் மட்டும் தூக்கிப்போட்டது போலத் திரும்பிப் பார்த்ததையும், கையில் இருந்த தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதையும் யாரும் கவனிக்கவில்லை. நான்காம் மாடியிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு அவள் முட்டி வலியோடு படியில்தான் இறங்கி வந்திருந்தாள்.

கூட்டத்தில் அன்று எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று: லிஃப்டுக்குள் வாசனைத் திரவியம் தெளிப்பதை அடியோடு தடை செய்வது. அதைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பியேதான்.

அக்கா வேலையில் இருந்த காலத்தில் அவளுக்கு அத்தர் என்ற பட்டம் கிடையாது. குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் தண்ணீரை மோந்து பார்ப்பது அவள் உத்தியோகம். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை லேசாகச் சூடாக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, மூடியைத் திறந்து மூக்கை வைத்து, 'வாசனை இல்லை' என்று சொல்ல வேண்டும். அவள் மோந்த தண்ணீரையெல்லாம் ஒன்றாக ஊற்றினால் இரண்டு கடல் நிரம்பி மூன்றாவதற்கு அடிப்போடலாம். அந்த வேலைக்குப் போகிறவள் முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது. வாசனைச் சோப்பு கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. ஆயுசு முழுக்க ஒன்றுமில்லாததை மோந்து சம்பளம் வாங்கியவள், ஓய்வு பெற்ற மறுநாளே கடைகடையாக ஏறி இறங்கி, வெட்டிவேர், சந்தனம், கிராம்பு, ரோஜா, மல்லிகை, எலுமிச்சைத் தோல், தேவதாரு என்று எண்ணெய்க் குப்பிகளாக வாங்கிக் குவித்தாள். சமையலறை அலமாரியில் பருப்புக்கு இடமில்லாமல் போயிற்று.

"எதுக்குக்கா இத்தனை?" என்று தம்பி கேட்டான்.

"எனக்குன்னு ஒரு வாசனை வேணும்டா. நான் எழுந்து போனப்புறமும், இப்பத்தான் அவ இங்க இருந்தான்னு அந்த ரூம் சொல்லணும்."

"நீ போனப்புறமும் நீ பேசினது காதுலயே நிக்குதே, அது போதாதா?"

வாசனை கலப்பதை அவள் விருந்தாளிகளை அழைப்பது போலச் செய்தாள். வாசலிலேயே ஓடி வந்து கையைக் குலுக்கிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் சிலர். எலுமிச்சை அந்த ரகம். உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறவர்கள் சிலர், ரோஜா, கிராம்பு. எல்லாரும் போன பிறகும் நாற்காலியில் சூடாக மிச்சம் இருப்பவர்கள் வெட்டிவேரும் சந்தனமும். மூன்று ரகத்தையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சாராயத்தில் கரைத்து, இருட்டில் ஊற வைத்து, பிறகு மெல்லிய காகிதப் பட்டையில் தொட்டு மோந்து பார்ப்பாள். காகிதத்தில் மட்டும்தான். தோலில் ஒரு சொட்டுக்கூடப் படவிட மாட்டாள். தோல் பட்டால் சோதனை கெட்டது என்பது சோதனைக்கூடத்துச் சட்டம். ஓய்வு பெற்றாலும் சட்டம் ஓய்வு பெறுமா?

கலவை தயாரானதும் பட்டையைத் தம்பி மூக்கின் முன் நீட்டுவாள். அவன் வாழ்நாளெல்லாம் ஊரார் கணக்கைத் தணிக்கை செய்து சாப்பிட்டவன். எதையும் அடித்து எழுதாமல் விடமாட்டான்.

முதல் கலவைக்கு, "இது ஓட்டல்ல கை கழுவுற இடம்" என்றான்.

அடுத்ததற்கு, "இது விமானத்துல தண்ணி கொடுக்கிற பொண்ணு."

கடைசியாக அவள் நெடுநாள் ஊறவைத்துக் கொண்டுபோனதற்கு, "இது யாரோ ஒரு நல்ல பொம்பளை. ஆனா நீ இல்ல."

திட்டியிருந்தால்கூட அக்கா பொறுத்திருப்பாள். 'நீ இல்ல' என்பது முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் அது அவளுக்கே தெரியும்.

வீட்டில் மோந்து பார்த்தால் சமையல் வாசனை குறுக்கே வருகிறது, ஜன்னலைத் திறந்தால் தெருப்புகை வருகிறது. அதனால் அக்கா ஒரு சோதனைக்கூடம் கண்டுபிடித்தாள். மதிய நேரத்து லிஃப்ட். நாலு பக்கமும் இரும்புத் தகடு, காற்று அசையாது, யாரும் வரமாட்டார்கள். தகரப் பெட்டியில் குப்பிகளோடு உள்ளே போவாள். பட்டையை நனைத்து விசிறிவிட்டு வெளியே வந்து, கதவு மூடி, லிஃப்ட் ஒரு சுற்றுப் போய் வந்ததும் மறுபடி உள்ளே நுழைந்து மோந்து பார்ப்பாள். தன் வாசனையைத் தானே வாசலில் வரவேற்பது போல. கைப்பேசியைக்கூடக் கொண்டுபோக மாட்டாள். அதன் தோல் உறை வாசனையைக் கெடுக்குமாம்.

இதில் முழுசாகக் கஷ்டப்பட்டது ஐந்தாம் மாடித் தம்பிதான். அவன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே லிஃப்ட் கதவு. வாசனையெல்லாம் லிஃப்ட் குழியில் புகை போல ஏறி அவன் வீட்டில்தான் போய் உட்காரும். உடனே கதவைத் திறந்துகொண்டு வந்து படிக்கட்டில் நின்று கத்துவான். "அக்கா, போதும். என் சாப்பாடெல்லாம் ரோஜாப்பூவா மணக்குது." அவனுக்கு இரண்டு காதும் மந்தம். வீட்டில் காதுக்கருவியை மாட்டமாட்டான். தொலைக்காட்சியை ஊரே கேட்கும்படி வைத்துக்கொள்வான். காது போன கணக்கை மூக்கில் வரவு வைத்துவிட்டான் போலிருக்கிறது.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, விடுமுறை சேர்ந்தாற்போல் வந்த வாரம் அது. கட்டடத்தில் பாதிக்கு மேல் பூட்டு. அந்த வாரத்தில் ஒரு நாள்தான் தம்பி இந்தத் தடைத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்திருந்தான். கொடுத்துவிட்டு நான்காம் மாடிக்கு வந்து அக்கா வாசலில் நின்றே சொன்னான்:

"இனிமே கத்தக்கூட மாட்டேன். ஈரத் துண்டை எடுத்துக் கதவுக்கடியில திணிச்சிடுவேன். நீ எதை வேணா தெளிச்சுக்கோ."

"திணிச்சுக்கோடா. உனக்கெல்லாம் மூக்கு கண்ணாடி மாட்டத்தான் இருக்கு."

மறுநாள் மதியம். லிஃப்ட் மெக்கானிக் வந்து, கீழ்த்தளத்துக் கதவில் 'பழுது' என்ற அட்டையை மாட்டிவிட்டு, லிஃப்டை நம்பாதவன் மாதிரி படியேறி மொட்டை மாடிக்குப் போனான். அங்கே இருக்கும் இயந்திர அறையில்தான் மோட்டாரும் பிரேக்கும். நான்காம் மாடியில் அட்டை எதுவும் இல்லை. லிஃப்ட் அங்கேயே சும்மா நின்றது. அக்கா தகரப் பெட்டியோடு உள்ளே நுழைந்து, கதவு மூடட்டும், இந்தமுறை உள்ளேயே நின்று மோந்து பார்க்கலாம் என்று கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி இறங்கத் தொடங்கியது. நான்கைத் தாண்டியது. மூன்றைத் தாண்டியது.

மேலே யாரோ ஒரு கைப்பிடியை இழுத்த சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. விசிறி நின்றது. பெட்டி ஒரு முட்டு முட்டி நின்றுவிட்டது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. தன் மூக்கு இருக்கிறதா என்று அக்கா தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கதவு விளிம்பில் நூல் போல ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இரண்டு மாடிக்கும் நடுவில் இருக்கும் செங்கல் சுவர். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணிப் பொத்தானை அழுத்தினாள். மணியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பது அப்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது.

சரி, மின்சாரம் வந்துவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். அந்தத் தைரியம் ஒரு தும்மல் நேரம் நீடித்தது. மேலே இயந்திர அறையின் தரையில் இரும்புக்கயிறு இறங்குவதற்கு ஓட்டைகள் உண்டு. அவற்றின் வழியாக மெக்கானிக்கின் குரல், கிணற்றுக்குள் பேசுவது போல, தெளிவாக இறங்கி வந்தது. யாருடனோ கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமா சார். பிரேக் தகடு ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்து பழசைக் கழட்டிடறேன். பெட்டியா? காலியாத்தான் சார் இருக்கு. கீழ போர்டு மாட்டிட்டேன். கழட்டினா அது பாட்டுக்குப் போய் எங்க இடிக்குதோ இடிக்கட்டும், ஆளா இருக்கு உள்ள?"

அக்கா கூரையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"தம்பி, ஆள் இருக்கேன்" என்று கத்தினாள். "மெக்கானிக்கு தம்பி, உள்ள நான் இருக்கேன். கழட்டாதே."

மேலே அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். காதில் பாட்டு மாட்டியிருக்கிறான் போல. இயந்திர அறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. செருப்புச் சத்தம் படியில் சுற்றிச் சுற்றி இறங்கியது. லிஃப்ட் சுவருக்கு அந்தப் பக்கமாகவே அது அவளைக் கடந்து போனபோது, தகட்டை இரண்டு உள்ளங்கையாலும் அடித்தாள். கத்திய கத்தலில் பக்கத்துத் தெரு நாய்கள் எழுந்து உட்கார்ந்திருக்கும். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அது கீழே போய்க் கரைந்தது.

அவன் திரும்பி வந்ததும் பிரேக்கைக் கழற்றுவான். கழற்றினால் பெட்டி போய்விடும். அதற்குள் யாராவது அவனைத் தடுக்க வேண்டும்.

யார் தடுப்பது? மூன்றாம் மாடி பூட்டியிருக்கிறது. இரண்டாம் மாடி டாக்டரம்மா வெளியூரில். காவல்காரர் இந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவார். மிச்சம் ஒரே ஓர் உயிர்: ஐந்தாம் மாடியில், காதுக்கருவியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால். உச்சியிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் பெயரைச் சொல்லி, தொண்டை கிழியும்வரை கூப்பிட்டாள். செய்தி வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போனார்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அதிர்வில் பெட்டி ஒரு விரற்கடை இறங்கியது. இறங்கியதா, இறங்கியதாக நினைத்தாளா என்று கேட்டால், அவள் இன்றுவரை ஒரு முழம் என்றுதான் சொல்கிறாள். அதன்பிறகு மூச்சுவிடக்கூடக் கணக்குப் பார்த்தாள்.

மடியில் தகரப் பெட்டி கிலுகிலுத்தது. உள்ளே குப்பிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவளுக்கு யோசனை உதித்தது.

குரல் போகாத இடத்துக்கு வாசனை போகும். இத்தனை நாளும் போய்க்கொண்டுதானே இருந்தது? அவனைக் கோபப்படுத்தினால் போதும். கதவைத் திறந்துகொண்டு திட்ட வருவான். திட்ட வந்தால் 'பழுது' ஆன லிஃப்டிலிருந்து எப்படி வாசனை வருகிறது என்று நிச்சயம் கேட்பான். கேள்வி கேட்காமல் அவனால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

பெட்டியின் கூரையில் விசிறிக்காக வெட்டிய ஓட்டைகள் இருந்தன. கழுத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். இருட்டில் குப்பிகளைத் தடவித் தடவி, மூடியில் நூல் சுற்றிய குப்பியைக் கண்டுபிடித்தாள். 'யாரோ ஒரு நல்ல பொம்பளை' கலவை அதில்தான் இருந்தது. துணியில் ஊற்றி, எக்கி நின்று, கூரை ஓட்டைக்குக் கீழே மெதுவாக வீசினாள். வேகமாக வீசினால் பெட்டி ஆடுமோ என்று பயம். மெதுவாக வீசினால் வாசனை ஏறாதோ என்று அதைவிடப் பயம்.

முதலில் எலுமிச்சை ஓடி வந்தது. பிறகு ரோஜா. கிராம்பு. அவள் வீசிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசனை நின்றுவிட்டது.

துணியை மூக்கோடு அழுத்தினாள். ஒன்றுமில்லை. குப்பியைத் திறந்து மூக்கில் கவிழ்க்காத குறையாக வைத்தாள். ஒன்றுமில்லை. காலமெல்லாம் மோந்த அந்தத் தண்ணீர் மாதிரி, வெறும் ஒன்றுமில்லாதது. ஒரே வாசனையை விடாமல் மோந்தால் மூக்கு மரத்துப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். சோதனைக்கூடத்தில் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். தெரிந்தது வேறு, இருட்டில் தனியாக உட்கார்ந்து அனுபவிப்பது வேறு. வாசனை ஐந்தாம் மாடியை எட்டிவிட்டதா, பாதி வழியில் செத்துவிட்டதா, குப்பியில் வெறும் சாராயம்தான் இருக்கிறதா, எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. தான் அனுப்பும் கூப்பாடு தனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஈரத் துண்டு.

இனிமே கத்தக்கூட மாட்டேன் என்றானே. கதவுக்கடியில் திணிச்சிடுவேன் என்றானே. சொன்னால் செய்கிற பிறவி அவன். சின்ன வயதில் ஒருமுறை பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவன்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. பாட்டும் கூடவே ஏறியது.

அக்காவின் உடம்பெல்லாம் வியர்வை பொங்கியது. நெற்றியில், கழுத்தில், முழங்கை மடிப்பில். தகட்டை அடித்தாள். கை வழுக்கியது. "தம்பி, தம்பி" என்றாள். குரல் கம்மிப்போய் காற்று மட்டும் வந்தது. செருப்பு அவளைக் கடந்தது. மூன்று, நான்கு, ஐந்து. மொட்டை மாடிக் கதவு. இயந்திர அறைக் கதவு.

இனி துணி போதாது. வாசனையைச் சூடு பண்ணினால்தான் அது பறக்கும்; தண்ணீரைச் சூடு பண்ணித்தானே மோந்தாள்? இங்கே அடுப்பு ஏது? இருக்கிற ஒரே சூடு அவள் உடம்புதான். சோதனைக்கூடத்துச் சட்டம் ஒரு கணம் கையைப் பிடித்தது. உதறினாள். குப்பியை அப்படியே உச்சந்தலையில் கவிழ்த்தாள். கழுத்தில், மணிக்கட்டில், காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில், வியர்வையோடு வியர்வையாகத் தேய்த்தாள். கண் எரிந்தது. பிறகு கூரை ஓட்டைக்குக் கீழே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தானே ஒரு திரியைப் போல நின்றாள்.

மேலே இரும்பின்மேல் இரும்பு பட்டது. திருகுமறையைத் தளர்த்தும் கிறீச். பெட்டி முழுக்க அந்தக் கிறீச் இறங்கி அவள் பல்லில் வந்து நின்றது. ஒரு மறை தரையில் விழுந்து உருண்டது.

மறுபடி கிறீச்.

பெட்டி உதறியது. இந்தமுறை நினைப்பு இல்லை, நிஜம். காலடியில் தரை துள்ளி, மறுபடி பிடித்துக்கொண்டது. இரும்புக்கயிறு முனகியது. அக்கா கையை இறக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அடுத்த கிறீச்சுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

அதற்குப் பதில் மேலே ஏதோ கனமாக விழுந்தது. இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேசின. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. பிறகு ஓடும் கால்கள்.

எவ்வளவு நேரம் என்று அக்காவைக் கேட்டால் ஒரு யுகம் என்பாள். தலைக்கு மேல், மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டு யாரோ இழுத்துத் திறந்தார்கள். வெளிச்சம் கொட்டியது. பெட்டிக் கதவின் மேல் இடுக்கில் ஒரு முகம் தலைகீழாகத் தொங்கியது. தம்பி. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தன. கையில் ஓர் ஈரத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா இப்படி நாறுற" என்றான்.

ஏணி போட்டு அவளை மேலே இழுத்துப் படியில் உட்கார வைத்தார்கள். மெக்கானிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. பேசினால் பயம் குறையும் என்று நினைத்தானோ என்னவோ, பேசினான்.

"அம்மா, ஒருத்தர் மட்டும் உள்ள இருந்தா பெட்டி கீழ விழாதும்மா. கயித்தோட அந்தப் பக்கம் தொங்குற எடைக்கல்லுதான் கனம். நீங்க கீழ விழுந்திருக்க மாட்டீங்க."

"அப்புறம்?"

"மேல விழுந்திருப்பீங்க. நேரா உச்சியில போய் இடிச்சிருக்கும்."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மேலே விழுவது என்று ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாமலேயே அவள் இத்தனை வயது வாழ்ந்துவிட்டாள்.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். எப்படிடா வந்தே என்று கேட்டாள். துண்டு காயப்போட மாடிக்கு வந்தேன், மெக்கானிக்கைப் பார்த்தேன், உள்ள யாரும் இல்லியேன்னு சும்மா கேட்டேன் என்றான். காய வேண்டிய துண்டை ஏன் கீழே கொண்டுவந்தாய் என்று கேட்க அக்காவிடம் அப்போது தெம்பில்லை.

இப்போது கூட்டத்தில் தெம்பு இருந்தது.

"சரி, சிரிச்சது போதும்" என்றாள். "அன்னிக்கு நான் அனுப்பின வாசனை இதுதான். நீங்களே மோந்து பாருங்க. இது அஞ்சு மாடி ஏறுமா ஏறாதான்னு சொல்லிட்டு அப்புறம் கையைத் தூக்குங்க."

தகரப் பெட்டியைத் திறந்து, நூல் சுற்றிய குப்பியில் காகிதப் பட்டைகளை நனைத்து வரிசையாகக் கொடுத்தாள். அதே கலவை, அதே சொட்டுக் கணக்கு, புதிதாகச் செய்தது. எல்லாரும் மோந்தார்கள். நல்லாத்தான் இருக்கு என்றாள் டாக்டரம்மா. எங்க சித்தி இப்படித்தான் மணப்பாங்க என்றார் ஒருவர். பட்டை கைமாறிக் கைமாறி முதல் வரிசைக்கு வந்தது.

தம்பி மோந்தான். முகத்தைச் சுளித்தான். மறுபடி மோந்தான். ஆயுசு முழுக்கத் தப்பான ரசீதைத் தாண்டிப் போகாத ஆள் அவன். வாய் தன்னால் திறந்தது.

"இது இல்ல."

"எது இல்ல?" என்றாள் அக்கா.

"அன்னிக்கு வந்தது இது இல்ல."

நாற்காலிகளின் ஓசை அடங்கியது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள். "அன்னிக்கு என்ன வந்துச்சு சார்? நீங்க துண்டு காயப்போடப் போனதா இல்ல சொன்னீங்க?"

தம்பி எழுந்தான். உட்கார்ந்தான். காதுக்கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான், இனி யார் என்ன சொன்னாலும் கேட்க வேண்டாம் என்பது போல.

"முதல்ல இதுதான் வந்துச்சு. இந்த நல்ல பொம்பளை. நான் துண்டை நனைச்சுக் கதவுக்கடியில திணிச்சேன். திணிச்சிட்டு உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு வேற ஒண்ணு வந்துச்சு. துண்டைத் தாண்டி வந்துச்சு." அவன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா கார் ஓட்டி லைசென்ஸ் வாங்கப் போன அன்னிக்கு நான் பின்சீட்டுல உக்காந்திருந்தேன். மேட்டுல வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. பக்கத்துல அதிகாரி. இவ ஒரு வார்த்தை பேசல. ஆனா வண்டி முழுக்க ஒரு வாசனை. பயந்துபோனா இவகிட்ட வர்ற வாசனை. அம்மா இறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயும் அது வந்துச்சு. அது எனக்குத் தெரியும். எந்தக் கடையிலயும் அது கிடையாது. அன்னிக்கு இந்த ரோஜா, வெட்டிவேர் எல்லாத்துக்கும் நடுவுல அதுதான் நின்னுச்சு. எங்கக்கா மொத்தமா என் வீட்டுக்குள்ள வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. டிவியை அணைச்சேன். துண்டை உருவிட்டு வெளிய ஓடினேன். லிஃப்ட் கதவுகிட்ட இன்னும் கனமா இருந்துச்சு. மேல தட்டுற அதிர்வு கால்ல தெரிஞ்சுது. மாடிக்கு ஓடி, அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிப் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தன் மணிக்கட்டை மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். வெறும் தோல். அதில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

"அப்ப ஏன்டா இத்தனை நாளா துண்டு, துண்டுன்னே?"

அவனுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னான்.

"இன்னும் மூடின லிஃப்டைப் பார்த்தா எனக்குக் கை கால் ஓடல. அதைப் பத்திப் பேசினா மறுபடி அந்த வாசனை வருது." மேசைமேல் இருந்த தன் தீர்மானத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினான். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடும் குரலில் சொன்னான்:

"அவ சொன்னது உண்மை. அந்த வாசனைதான் என்னை மாடிக்கு இழுத்துட்டுப் போச்சு. ஆனா காலரைப் பிடிச்சுதுன்னு எழுதிடாதீங்க. அன்னிக்கு நான் வெறும் பனியன்தான் போட்டிருந்தேன்."